தரைதட்டிய கப்பலும் மறக்கப்பட்ட எழுத்தாளரும்

பாரா தீவின் விமான நிலையத்தில் ஓடுபாதை கிடையாது. கடற்கரைதான் ஓடுபாதை. கடல் உள்வாங்கியிருந்தால் விமானம் இறங்கும். ஓதம் ஏறியிருந்தால் இறங்காது. நேர அட்டவணையை எழுதுவது கடல்தான். மணலில் காற்றுப்பை பறந்தால் விமானம் வரப்போகிறது என்று அர்த்தம். யாரும் கரையில் நடக்கக்கூடாது. காற்றுப்பை இறங்கிவிட்டால், சற்று முன்பு விமானச் சக்கரம் பதிந்த அதே ஈர மணலில் உள்ளூர்க்காரர்கள் வாளியும் வாரியுமாகக் குனிந்து சிப்பி பொறுக்குவதைப் பார்க்கலாம். நம் ஊர்ச் சார் குவே தியோவில் போடும் கெராங்கின் உறவுக்காரச் சிப்பி.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் சங்கிலி போல நீளும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளின் தென்கோடியில் இருக்கிறது பாரா. மொத்த மக்கள்தொகை ஆயிரத்து இருநூறை ஒட்டித்தான். நம் வீவக வட்டாரங்களில் இரண்டு மூன்று புளோக்குகளைச் சேர்த்தால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். கிளாஸ்கோவிலிருந்து இருபது பேர்கூட ஏற முடியாத சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமான பயணம். மேகத்தைக் கிழித்துக்கொண்டு விமானம் தாழும்போது கீழே தெரிவது வெள்ளை மணலும், பச்சையும் நீலமும் கலந்த தண்ணீரும். இலேசான குலுக்கல். பக்கவாட்டில் தண்ணீர் தெறிக்கிறது. இறங்கியாகிவிட்டது.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவை சில பழைய நகைச்சுவை நாவல்கள். எழுதியவர் காம்ப்டன் மெக்கென்சி. அந்தப் பெயர் இப்போது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. எடின்பரோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் விசாரித்தேன். "விஸ்கி கலோர்" என்றதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. "படம் அருமையான படம்" என்றார். எழுதியவர் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அவர் ஏணியில் ஏறி மேல்தட்டைத் துழாவ வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் இந்த மனிதர் பெரும் புகழோடு இருந்தவர். முதல் உலகப் போருக்குச் சற்று முன் வந்த 'சினிஸ்டர் ஸ்ட்ரீட்' என்ற நாவலை ஹென்றி ஜேம்ஸ் போன்ற பெரியவர்கள் பாராட்டினார்கள். 1923-இல் 'கிராமஃபோன்' என்ற இசை இதழைத் தொடங்கினார்; அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 1928-இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் அவரை ரெக்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். எழுதிய புத்தகங்கள் நூறை நெருங்கும். சுயசரிதை மட்டும் பத்துத் தொகுதி!

வேடிக்கை என்னவென்றால், இவர் பிறந்தது ஸ்காட்லாந்தில் அல்ல. 1883-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹார்ட்ல்பூலில், ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்ட ஒரு நடிகர் குடும்பத்தில் பிறந்தார். மெக்கென்சி என்பது முன்னோர் வழி வந்த பெயர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, தன் வேர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் இருக்கிறது என்று முடிவு செய்து, வாழ்நாள் முழுக்க அதை நோக்கி நடந்தார். குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இந்த ஏக்கம் புதிதல்ல.

தீவுகள் மீது அவருக்கு ஒரு பித்து. இத்தாலியின் காப்ரியில் வசித்தார். பிறகு ஆங்கிலக் கால்வாயில் ஹெர்ம், ஜெத்தூ. பிறகு ஹெப்ரிடீஸில் ஷியன்ட் தீவுகளை விலைக்கே வாங்கினார். இப்படித் தீவு தீவாகத் தாவும் ஒருவனை வைத்து டி.எச். லாரன்ஸ் ஒரு சிறுகதை எழுதினார். அந்தக் கிண்டலை மெக்கென்சி இரசிக்கவில்லை. கடைசியில் 1935-இல் பாராவில், இப்போது விமானம் இறங்கும் அந்த மணற்கரையை ஒட்டி, ஒரு வீடு கட்டினார். வீட்டின் காலிக் மொழிப் பெயருக்கு 'உட்காரும் இடம்' என்று பொருள். ஓடி ஓடி வந்தவர் உட்கார்ந்த இடம் அது.

காலிக் என்பது அத்தீவுகளின் சொந்த மொழி. ஸ்காட்லாந்தில் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம். அயர்லாந்து மொழிக்குத்தான் அது தங்கை முறை. மெக்கென்சியின் நாவல்களைப் புரிந்துகொள்ள இந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 'விஸ்கி' என்ற சொல்லே காலிக்கிலிருந்து போனது. 'உயிர்த் தண்ணீர்' என்ற பொருள் தரும் சொற்றொடரின் முதல் பாதி. 'கலோர்' என்பதும் 'தேவையான அளவு' என்று பொருள்படும் காலிக், ஐரிஷ் வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, ஆங்கில நாவலின் தலைப்பில் இரண்டு சொற்கள். இரண்டும் அந்தத் தீவுக்காரர்களின் பாட்டன் சொத்து.

குடும்பப் பத்திரிகையில் விஸ்கியைப் பற்றி என்ன பேச்சு என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். கதையில் விஸ்கி ஒரு சாக்குதான்.

1947-இல் வந்த அந்த நாவலில் பெரிய டாடே, சின்ன டாடே என்று இரண்டு கற்பனைத் தீவுகள். பெரியதில் இருப்போர் சீர்திருத்தச் சபையினர், சின்னதில் கத்தோலிக்கர். ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்களே தவிர சண்டை போடுவதில்லை. தீவின் பெயரைச் சொல்லிப் பார்த்தால் 'டாடி' என்ற ஓசை வரும். ஸ்காட்லாந்தில் சளிக்குச் சுடுநீரும் தேனும் விஸ்கியும் கலந்து குடிப்பதற்கு 'ஹாட் டாடி' என்று பெயர். அந்தச் சொல் நம் பக்கத்துப் பனங்கள்ளின் 'தாடி'யிலிருந்து கப்பலேறிப் போனது என்பது கூடுதல் தகவல்.

போர்க்காலம். டாலர் சம்பாதிப்பதற்காக விஸ்கியெல்லாம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. தீவுகளில் ஒரு சொட்டு இல்லை. அது இல்லாமல் அங்கே நிச்சயதார்த்தம் நடத்த முடியாது. பெண் கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு உட்காரவைக்கும் வழக்கம் இல்லை. கல்யாணம் தள்ளிப்போகிறது. கிழவர்கள் படுத்த படுக்கையாகிறார்கள். அம்மாவுக்குப் பயந்த ஒரு பள்ளி ஆசிரியர் தன் காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார். அந்த நேரத்தில் மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பல் பாறையில் ஏறுகிறது. வயிறு நிறைய விஸ்கி. பெயர் 'கேபினட் மினிஸ்டர்'.

இந்தக் கொண்டாட்டத்தைக் கெடுக்க நிற்பவர் கேப்டன் வாகெட். லண்டனிலிருந்து வந்து குடியேறிய கனவான், உள்ளூர்க் காவற்படையின் தலைவர். கெட்டவர் அல்ல. அதுதான் மெக்கென்சியின் சாமர்த்தியம். வாகெட் நேர்மையானவர், உழைப்பாளி, விதிமுறையை மனப்பாடமாக வைத்திருப்பவர். தீவுக்காரர்களுக்கு நல்லது செய்யவே விரும்புகிறார். ஆனால் அவர்கள் பேசும் மொழியில் ஒரு சொல் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தன் முன்னால் எல்லாரும் தலையாட்டுவதை மரியாதை என்று நம்புகிறார். அவர் அறையைவிட்டு வெளியேறியதும் மொழி மாறுகிறது. இப்படிப்பட்ட ஒரு மேலதிகாரியை அலுவலகத்தில் பார்க்காதவர் நம்மில் எத்தனை பேர்?

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நகைச்சுவை முழுக்கப் பேச்சில் இருக்கிறது. யாரும் பழத்தோலில் வழுக்கி விழுவதில்லை. தீவுக்காரர்கள் ஆங்கிலத்தைக் காலிக்கின் இழுவையோடு, சுற்றி வளைத்து, அளவுக்கு மீறிய பணிவோடு பேசுகிறார்கள். அந்தப் பணிவுக்குள் மறைந்திருக்கும் ஊசி வாகெட்டுக்கு மட்டும் தைப்பதில்லை. வெளியூர்க்காரர் எழுதிய கிராமத்து நகைச்சுவையில் சாதாரணமாக முட்டாள்கள் கிராமத்தார்தான். இங்கே தலைகீழ்.

இதற்கு ஒரு காரணம் பாராவில் அவர் வாழ்ந்த விதம். வந்து சேர்ந்ததும் வேடிக்கை பார்க்கவில்லை, வம்பில் இறங்கினார். 1933-இல் ஜான் லார்ன் கேம்பல் என்ற காலிக் அறிஞரோடு சேர்ந்து 'கடல் கழகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வெளியூர் இழுவைப் படகுகள் சட்டத்தை மீறித் தீவின் வாசல்வரை வந்து மீனை வாரிக்கொண்டு போயின. சின்னப் படகுகளில் தூண்டிலும் வலையுமாகப் போகும் பாரா மீனவர்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. லண்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை. கழகம் கூட்டம் போட்டது, கட்டுரை எழுதியது, உரக்கப் பேசியது. இருவரும் சேர்ந்து 1936-இல் பாராவைப் பற்றி ஒரு புத்தகமும் கொண்டுவந்தார்கள். கரையில் நிற்கும் சின்ன ஊரின் கடலை யார் ஆள்வது என்ற கேள்வி நாவலுக்குப் பத்தாண்டுகள் முன்பே அவர் மேசையில் இருந்தது.

இன்னொரு காரணம் எனக்குப் பிடித்தமானது. போர்க்காலத்தில் பாராவின் உள்ளூர்க் காவற்படைக்குத் தலைவராக இருந்தவர் வேறு யாருமல்ல, மெக்கென்சியேதான். வாகெட் உட்கார்ந்த நாற்காலி அவர் உட்கார்ந்த நாற்காலி. அவர் வீட்டுக்கும் சில புட்டிகள் வந்து சேர்ந்ததாகத் தீவில் பேச்சு உண்டு.

ஆம், கப்பல் நிஜம். அதன் பெயர் 'பொலிட்டீஷியன்'. நாவலில் அரசியல்வாதிக்கு அமைச்சராகப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த இடத்தைப் பார்க்கப் பாராவின் வடக்கு முனையிலிருந்து எரிஸ்கே தீவுக்குப் படகேறினேன். நாற்பது நிமிடம். மேல்தளத்தில் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் நீர்நாய்த் தலைகளோ சீல்களின் தலைகளோ தெரியாது. 1941 பிப்ரவரி 5 அன்று, லிவர்பூலிலிருந்து ஜமைக்காவுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் கிளம்பிய எட்டாயிரம் டன் கப்பல், இருட்டிலும் கெட்ட வானிலையிலும் வழி தவறி, எரிஸ்கேக்கும் தெற்கு யூயிஸ்ட் தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் தரைதட்டியது. மாலுமிகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தீவு வீடுகள் அவர்களுக்கு அடைக்கலம் தந்தன. கப்பலில் என்ன இருக்கிறது என்ற செய்தி அடுப்படியில் உடை காயவைத்த மாலுமிகளிடமிருந்து பரவியது.

துணி, சைக்கிள், புகையிலை, கட்டுக்கட்டாக ஜமைக்காவின் பத்து ஷில்லிங் நோட்டுகள். இவற்றோடு ஏறக்குறைய 264,000 புட்டி விஸ்கி.

அதிகாரபூர்வ மீட்புக் குழு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போன பிறகு, இரவுகளில் தீவுக்காரர்கள் போனார்கள். எரிஸ்கேயிலிருந்து மட்டுமல்ல; சுற்றுவட்டாரத் தீவுகளிலிருந்தெல்லாம் படகுகள் வந்தன. சரக்கறையில் கப்பல் எண்ணெய் கலந்த கடல்நீர் நிற்க, அதற்குள் கயிறு கட்டி இறங்கினார்கள். சொந்த உடுப்பு பாழாகிவிடும் என்று சிலர் மனைவியின் பழைய பாவாடையை மாட்டிக்கொண்டு போனார்களாம். புட்டிகள் வைக்கோற்போரிலும் முயல் வளையிலும் சதுப்பு நிலத்திலும் ஒளிந்தன. கடல் கொண்டுவந்து போட்டது கரைக்காரனுக்கு என்பது அவர்களுடைய தலைமுறை நியாயம். கப்பல் எப்படியும் மூழ்கப் போகிறது. எடுத்தால் திருட்டா, விட்டால் புண்ணியமா?

சுங்கத்துறைக்கு அந்த நியாயம் புரியவில்லை. ஏற்றுமதிச் சரக்கு என்பதால் அந்த விஸ்கிக்குத் தீர்வை கட்டப்படவில்லை. உள்ளூர்ச் சுங்க அதிகாரி சார்ல்ஸ் மெக்கால் வீடு வீடாகச் சோதனை போட வைத்தார். லாக்மாடி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சிலருக்கு அபராதம். சிலருக்கு இன்வர்நெஸ் சிறையில் வாரக்கணக்கில் தண்டனை. இத்தனைக்கும் அந்தத் தீவுகளின் இளைஞர்களில் பலர் அப்போது கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் அதே அரசாங்கத்துக்காக உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தவர்கள். கடைசியில், மிச்சமிருந்த புட்டிகளோடு கப்பலை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

நாவலில் சிறை கிடையாது. நாவலில் எல்லாரும் தப்பிக்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, பயந்தாங்கொள்ளி ஆசிரியர் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறார். எரிஸ்கேயில் நான் தங்கிய வீட்டுப் பெண்மணி, "படம் எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் சிறைக்குப் போன குடும்பங்களில் ரொம்ப நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை" என்றார். கோதுமை ரொட்டியையும் வெண்ணெயையும் என் பக்கம் நகர்த்திவிட்டு, பேச்சை வானிலைக்கு மாற்றினார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நாவலை எப்படிப் படிப்பது? அன்றிரவு அதை மீண்டும் புரட்டினேன். மெக்கென்சிக்கு நடந்தது தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எழுத உட்கார்ந்தபோது, நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அவர் இன்னொரு தீர்ப்பை எழுதினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய நீதிமன்றத்தில் கேலிக்குள்ளாகிறவர் வாகெட். இதைத் தப்பித்தல் என்று சொல்பவர்கள் இருக்கலாம். பட்ட வலியை மூடி மறைத்த இனிப்பு என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டு பக்கமும் மனம் ஆடுகிறது. ஆனால் அந்த நாவல் இல்லாவிட்டால், அட்லாண்டிக் ஓரத்தில் சில மீனவர்கள் விஸ்கி திருடியதற்காகச் சிறைக்குப் போனார்கள் என்ற இரண்டு வரி மட்டும்தான் எங்காவது ஒரு பதிவேட்டில் மிஞ்சியிருக்கும்.

எரிஸ்கேயில் 'பொலிட்டீஷியன்' என்ற பெயரிலேயே ஒரு மதுக்கூடம் இருக்கிறது. கப்பலிலிருந்து வந்த அசல் புட்டிகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குடிப்பதற்கல்ல. நான் மீன் சூப்போடு நிறுத்திக்கொண்டேன். சன்னலுக்கு வெளியே வெள்ளை மணலும் கடலும். பக்கத்துக் கரை ஒன்றில்தான் 1745-இல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், இழந்த அரியணையைத் தேடி வந்து ஸ்காட்லாந்து மண்ணில் முதன்முதலாகக் கால்வைத்தார். அவர் தோற்ற கதை தனிக் கதை.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் எழுத்தாளரை விழுங்கியது அதுதான். ஈலிங் ஸ்டூடியோ தயாரிப்பு, அலெக்ஸாண்டர் மெக்கன்ட்ரிக் இயக்கியது. 1948-ஆம் ஆண்டு கோடையில் பாராவிலேயே எடுத்தார்கள். மழை விடாமல் பெய்து படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் தீவு வீடுகளில் தங்கினார்கள். தீவுக்காரர்கள் கூட்டக் காட்சிகளில் நடித்தார்கள். மெக்கென்சியே கப்பல் தலைவராக ஒரு சின்ன வேடத்தில் வருகிறார். இரண்டு தீவுகளைப் படம் ஒன்றாக்கியது. ஓய்வுநாளில் யாரும் கப்பல் பக்கம் போகக்கூடாது என்று எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நள்ளிரவு மணிக்காகக் காத்திருக்கும் காட்சி மறக்க முடியாதது. ஆனால் நிஜப் பாராவும் எரிஸ்கேயும் கத்தோலிக்கத் தீவுகள். ஞாயிற்றுக்கிழமைக் கண்டிப்பெல்லாம் வடக்கே உள்ள லூயிஸ், ஹாரிஸ் பக்கத்து விஷயம். இயக்குநருக்கோ உள்ளூர அனுதாபம் வாகெட் மீது இருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தில் வாகெட்டின் முகத்தில் கடைசியில் தெரியும் அந்தத் தனிமைக்கு அதுதான் காரணமோ என்னவோ.

மற்ற நாவல்கள்? எல்லாவற்றையும் சிபாரிசு செய்ய மாட்டேன். 1933-இல் வந்த 'வாட்டர் ஆன் தி பிரெய்ன்' உளவுத்துறையைக் கிண்டலடிப்பது; முதல் உலகப் போரில் கிரேக்கத்தில் உளவு வேலை பார்த்த அனுபவத்தை எழுதியதற்காக அரசாங்கம் அவர்மீது வழக்குப் போட்டு நூறு பவுண்டு அபராதம் விதித்தது; அந்தக் கோபத்தில் எழுதியது. அலுவலகக் கோப்புகளோடு மாரடிப்பவர்கள் இன்றும் சிரிப்பார்கள். 1941-இன் 'மோனார்க் ஆஃப் த க்ளென்' மலைநாட்டு ஜமீன்தார் ஒருவரைப் பற்றியது; தன் நிலத்தில் கூடாரம் போட்ட நடைப்பயணிகளைப் பிடித்துக் கோட்டை நிலவறையில் அடைக்கிறார். பாதி வரை அருமை, பிறகு ஒரே சுருதி. பி.பி.சி. தொலைக்காட்சித் தொடராக வந்ததே, அதற்கும் நாவலுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். அதே ஜமீன்தாரை இந்தியாவுக்கு அனுப்பிவைத்த நாவலும் ஒன்று உண்டு. படிக்காவிட்டால் குறைவில்லை.

நம் பகுதியோடு அவருக்கு ஒரு தொடர்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் இந்திய இராணுவத்தின் பங்கைப் பற்றி எழுதும் பொறுப்பை ஏற்று, போர் முடிந்த கையோடு ஆசியாவின் போர்க்களங்களை நேரில் பார்க்க ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்தார். 1951-இல் வந்த 'ஈஸ்டர்ன் எப்பிக்' என்ற தடித்த புத்தகத்தில் மலாயாப் போரும் சிங்கப்பூரின் வீழ்ச்சியும் வருகின்றன. இரண்டாம் தொகுதி வரவேயில்லை. விஸ்கி புட்டிகளை ஒளித்துவைத்த மீனவர்களை எழுதிய கைதான் அதையும் எழுதியது என்று நினைத்தால் விநோதமாக இருக்கிறது.

மெக்கென்சி 1972 நவம்பர் 30 அன்று எடின்பரோவில் இறந்தார். உடலை விமானத்தில் பாராவுக்குக் கொண்டுவந்து, அதே மணற்கரையில் இறக்கினார்கள். விமான நிலையத்துக்கு வடக்கே, கில் பாரா என்ற பழைய கோவில் இடிபாடுகளைச் சுற்றியுள்ள மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடம்பரம் எதுவும் இல்லை. சரிவில் நின்றால் விமானம் இறங்கும் கரை தெரிகிறது. அடக்கத்தின்போது நடந்ததைத் தீவில் இன்னும் சொல்கிறார்கள். அவருடைய பழைய நண்பர், காலிக் பாடகரும் பைக்குழல் கலைஞருமான கேலம் ஜான்ஸ்டன், எண்பது வயதைத் தாண்டியவர். டிசம்பர் மாதக் குளிரிலும் காற்றிலும் நின்று நண்பருக்காகக் குழல் வாசித்தார். வாசித்து முடித்த சற்று நேரத்தில் சரிந்து விழுந்து அவரும் இறந்துபோனார். இதை மெக்கென்சி நாவலில் எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறது என்று பதிப்பாளர் வெட்டியிருப்பார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மே முதல் செப்டம்பர் வரை நல்லது. அப்போதும் மழைச்சட்டை கட்டாயம். விமானம் வேண்டாம் என்றால் ஓபன் துறைமுகத்திலிருந்து காசில்பேக்குப் படகு இருக்கிறது, ஐந்து மணி நேரத்தை ஒட்டிய பயணம். துறைமுகத்துக்குள் நுழையும்போது கடலுக்கு நடுவே பாறைமேல் நிற்கும் கிசிமுல் கோட்டை வரவேற்கும். குழந்தைகளுக்குப் படகுதான் பிடிக்கும். தங்கும் இடங்கள் குறைவு, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். எரிஸ்கேயிலிருந்து தெற்கு யூயிஸ்டுக்கு 2001 முதல் கடற்பாலம் இருக்கிறது. ஜோகூர்க் கடற்பாலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். நான் கடந்தபோது எதிரே வந்தது ஒரு செம்மறி ஆடு.

அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் மெக்கென்சியின் கடைசி டாடே நாவலின் களத்துக்குப் போக வேண்டும். 1957-இல் வந்த 'ராக்கெட்ஸ் கலோர்'. இரண்டாண்டுகளுக்கு முன், தெற்கு யூயிஸ்டில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. விளைநிலம் போகும், வெளியூர் இராணுவத்தினர் வந்து நிறைந்துவிடுவார்கள், மொழி அழிந்துவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். ஜான் மாரிசன் என்ற உள்ளூர்ப் பாதிரியார் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். பத்திரிகைகள் அவருக்கு 'ராக்கெட் பாதிரியார்' என்று பெயர் வைத்தன. எழுபதைத் தாண்டிய மெக்கென்சி தன் பழைய பாத்திரங்களையெல்லாம் மறுபடியும் எழுப்பி இந்தச் சண்டைக்குள் இறக்கினார்.

நாவலாக அது 'விஸ்கி கலோர்' அளவுக்கு இல்லை. கோபம் அதிகம், சிரிப்பு குறைவு. பல இடங்களில் பாத்திரங்கள் பேசாமல் ஆசிரியரே பேசுகிறார். ஆனாலும் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. முதல் நாவலில் விஸ்கிக்குப் பின்னால் ஒளிந்திருந்த கேள்வி இதில் வெளிப்படையாக வந்து நிற்கிறது: எண்ணிக்கையில் சிறிய ஓர் ஊர் 'வேண்டாம்' என்று சொன்னால் அதைக் கேட்க வேண்டிய கடமை யாருக்காவது உண்டா? கதை தீவுக்காரர்களுக்கு வெற்றி தருகிறது. அடுத்த ஆண்டு வந்த படத்தில், ஊரார் கடற்பறவைகளுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசி, உலகில் எங்கும் இல்லாத அரிய இனம் இங்கே கூடு கட்டியிருக்கிறது என்று கிளப்பிவிடுகிறார்கள். பறவை நேசர்கள் திரண்டு வர, ராக்கெட் திட்டம் கைவிடப்படுகிறது.

நிஜத்தில் திட்டம் சுருங்கியது, ஆனால் கைவிடப்படவில்லை. 1959-இல் முதல் ஏவுகணைகள் பறந்தன. இன்றும் தளம் இயங்குகிறது. அது வேலையும் தருகிறது. மூடப்போவதாகச் செய்தி வந்தபோது மூடக்கூடாது என்று தீவுக்காரர்களே குரல் கொடுத்தார்கள். மொழி விஷயத்தில் அந்தப் பாதிரியாரின் பயம் வேறு வழியில் பலித்தது. 2011 கணக்கெடுப்பில் மேற்குத் தீவுகளில் காலிக் பேசுவோர் பாதிக்குச் சற்று மேல். 2022-இல் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். அதற்கு ராக்கெட் காரணமில்லை. தொலைக்காட்சி, கைப்பேசி, வேலை தேடி கிளாஸ்கோ போகும் பிள்ளைகள். இந்தப் பட்டியலை நான் விளக்கத் தேவையில்லை.

கடற்பாலத்திலிருந்து வடக்கே போகும் பேருந்தில் ஓட்டுநரும் முன்னிருக்கை மூதாட்டியும் காலிக்கில் பேசிக்கொண்டே வந்தார்கள். பின்னால் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில். அரைமணிக்குப் பிறகு வலப்பக்கம் ருவால் குன்று தெரிந்தது. அதன் சரிவில் கருங்கல்லில் செதுக்கிய மாதா சிலை, தோளில் குழந்தையோடு, உயரமாக நிற்கிறது. ராக்கெட் எதிர்ப்பு நடந்த அதே ஆண்டுகளில் பாதிரியார் மாரிசன் நிதி திரட்டி, ஹியூ லாரிமர் என்ற சிற்பியைக் கொண்டு 1957-இல் நிறுவியது. அதற்கு மேலே, குன்றின் உச்சியில், சோதனைத் தளத்தின் கண்காணிப்புக் கோளங்கள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கின்றன. மூதாட்டி சிலையைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, ஓட்டுநரிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.